காலியான மூன்றாம் இடம்

உகாண்டாவின் முதல் பத்துப் பணக்காரர்கள் யார் யார் என்பதை செகந்திராபாத் பக்கத்து அமீர்பேட்டில் உட்கார்ந்துகொண்டு கிதியோன்தான் தீர்மானித்தார். கம்பாலா பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரு பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் எழுதியவர். அத்தனை வருஷத்தில் அவர் எழுதியதற்கு ஒரு திருத்தம் வந்ததில்லை. பத்திரிகை ஆள்குறைப்பு செய்ததும், கோச்சிங் சென்டர் மாடியில் இணையதளம் நடத்தும் வினயிடம் சேர்ந்தார். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழன் வினய்; வயது இருபத்தொன்பது.

தொழில் இதுதான். பட்டியல் வெளியானதும் அதில் உள்ளவர்களுக்கு, 'உங்கள் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டுமா?' என்று மெயில் போகும். புதுப்பிப்பது என்றால் மேலே ஏற்றுவது. ஒரு படிக்கு இரண்டாயிரம் டாலர். அடியில் 'மூத்த பத்திரிகையாளர் கிதியோன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த வரி கண்ணில் படாதபடி அவர் பக்கத்தை மேலே தள்ளிவிடுவார்.

பிளாஸ்டிக் நாற்காலி விற்றுப் பணக்காரனான முசோகே, ஆறிலிருந்து மூன்றுக்கு ஏறினான். நாற்பத்திரண்டு போட்டோ அனுப்பி, எந்த டை எடுப்பாக இருக்கிறது என்று கேட்டான். தன் பணம் எவ்வளவு என்று தனக்கே சொல்ல, கடல் தாண்டி ஒரு ஆள் வேண்டியிருக்கிறது இந்தப் பிறவிக்கு என்று கிதியோன் மனதுக்குள் காறித் துப்பினார். பிறகு நீல டை என்று பதில் போட்டார்.

இரண்டே மாதம். முசோகே அழாத குறையாகப் போனில் வந்தான். வரி அதிகாரிகள் பட்டியலை அச்செடுத்துக்கொண்டே வந்துவிட்டார்களாம். நாட்டின் மூன்றாவது பணக்காரன் கட்டுகிற வரியா இது என்று கேட்கிறார்களாம். உடனே பட்டியலிலிருந்து தன்னை எடுத்துவிட வேண்டுமாம்.

"சார், ரைட்டர் மிஸ்டேக்னு ஒரு திருத்தம் போட்டுடுங்க," என்றான் வினய்.

"என் தப்பாப்பா?"

"பேரு உங்களுதுதானே இருக்கு. டென்ஷன் நக்கோ, வேணாம் சார், யாரு படிக்கப் போறாங்க?"

கிதியோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வினய் டீ குடிக்க இறங்கியதும் திருத்தத்தை எழுதினார். 'மூன்றாம் இடத்துக்குத் திரு முசோகே ஆறாயிரம் டாலர் கொடுத்தார். அதனால் ஏற்றினோம்; இப்போது நீக்குகிறோம். அவர் சொத்து எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. மற்ற ஒன்பது பேர் கதையும் இதுதான்.' அடியில் தன் பெயரைப் போட்டு, வெளியிட்டுவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மல்காஜ்கிரி வீட்டுக்குப் போய்விட்டார்.

"வேலை போச்சு ரேச்சல். பேரு தப்பிச்சுது," என்றார் மனைவியிடம்.

"ஸ்தோத்திரம். வீட்டு லோனுக்கு என்ன பண்றது?" என்றாள் ரேச்சல். ஆனாலும் அவர் அன்று நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை, மேஜையில் விட்டுவந்த கண்ணாடியை எடுக்க மட்டும் போனார். வினய் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"என்னா ஐடியா சார்! ஒன்பது பேரும் மெயில் போட்டிருக்கானுங்க!"

"திட்டியா?"

"இல்ல சார்! ஆறாயிரத்துக்கு மூணாவது இடமா, எங்களுக்கு ஏன் தரலன்னு சண்டை. காலி இடம் என்ன ரேட்டுன்னு கேக்கறாங்க. எட்டாவது ஆளு ரேட்டுல மத்தவங்க எல்லாரையும் தாண்டிட்டான். ஒரே கண்டிஷன், கீழே உங்க பேரு இருக்கணும். உண்மை எழுதற மனுஷன்னு நம்பறாங்க."

வெட்கங்கெட்ட ஜென்மங்கள் என்று கிதியோனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

"எட்டாவது ஆளு எவ்வளவு சொல்றான்?"

கேட்ட பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது. வினய் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார்.