ஆங்கிலேயர் அல்லாதார் வீடுகள் சுருங்கும்

மகாசனங்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில்: மாட்சிமை தங்கிய இங்கிலாந்து தேசமானது, தன் ஆன்மா எவரெவரிடம் இருக்கிறது என்பதை இன்று மாலைத் தேநீருக்குள் கண்டறியச் சித்தம் கொண்டுள்ளது. அதுவரை ஆங்கிலேயர் அல்லாதார் வீடுகள் சுருங்கிக்கொண்டிருக்கும்.

லண்டன் குரொய்டனில் குலேந்திரனின் வீடு காலையிலேயே சுருங்கத் தொடங்கிவிட்டது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. மனைவி யோகமலர் உள்ளே. ஆங்கிலேயர் என்று பரீட்சையில் தேறியவர் கையில்தான் பூட்டில் சாவி திரும்புமாம். குலேந்திரன் பரீட்சை நடக்கும் நகர மண்டபத்துக்கு விழுந்தடித்து ஓடினார். ஓடிப்போய் வரிசையில் நின்றார்.

வரிசை நகர நகர நடைவழியும் நீண்டது. கைபேசி அடித்தது.

"இஞ்சருங்கோ, கூரை தலையில முட்டுது."

"கொஞ்சம் குனிஞ்சு இரும்," என்றார்.

அவருக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெம்பர்டன் நின்றார். தன் பாட்டன் முப்பாட்டன் எல்லோரும் உள்ளூர்த் தேவாலயத்தில்தான் புதைந்திருக்கிறார்கள் என்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். தனக்குப் பரீட்சை வைப்பதே தேசத்துக்கு அவமானமாம்.

பரீட்சை அதிகாரி ஆணிச் சப்பாத்துப் போட்ட ஓர் அம்மையார். மிக மரியாதையாகப் பெம்பர்டனின் காலை மிதித்தார். பெம்பர்டன் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

"தவறு," என்றார் அம்மையார். "மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

பெம்பர்டனின் முகம் சிவந்தது. பிறகு உடம்பு சிவந்தது. அப்படியே இறுகித் தபால்பெட்டியாகிவிட்டார். இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

கைபேசி மறுபடி அடித்தது. யோகமலர் இப்போது அடுப்படியில் சுருண்டு படுத்திருந்தார். கால் நீட்ட இடமில்லையாம். குரலும் சிறுத்திருந்தது.

அம்மையார் குலேந்திரனின் காலை மிதித்தார். பெருவிரல் நகம் பெயர்ந்தது. 'ஐயோ அம்மா' தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார்.

"ஸாரி," என்றார்.

"மெய்யாகவே வருந்துகிறீர்களா?"

"இல்லை."

"வாழ்த்துகள். நீங்கள் ஆங்கிலேயர்."

நொண்டி நொண்டி வீட்டுக்கு ஓடினார். வீடு அவர் இடுப்பளவுக்கு நின்றது. கதவுக்கு முன்னால் அந்தத் தபால்பெட்டியைக் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். பக்கத்தால் புகுந்து போக இடம் தாராளமாக இருந்தது.

குலேந்திரன் தபால்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

"சாவி கையிலதானே இருக்கு?" உள்ளேயிருந்து யோகமலர் கேட்டார். "கெதியாத் திறவுங்கோவன்."

"முன்னால ஒராள் நிக்கிறார்," என்றார் குலேந்திரன்.

வீடு முழங்காலுக்கு இறங்கியது. மழை தூற ஆரம்பித்தது. தூறுகிறது என்று தபால்பெட்டியிடம் சொன்னார்.

தபால்பெட்டி ஒப்புக்கொண்டது.