லவுட் என்ற சொல் எடுத்துக்கொண்டவை

'சத்தமான' என்று பொருள்படும் லவுட் என்ற ஆங்கிலச் சொல்லை எதனோடு சேர்த்து எழுதினாலும் மறுநாள் விடிவதற்குள் அதன் சத்தம் போய்விடும் என்பது, மில் கேன்டீனில் பெண் தொழிலாளர்களுக்கு ஆங்கில வகுப்பு தொடங்கிய மூன்றாம் வாரமே தெரிந்துவிட்டது. டீச்சர் உதாரணத்துக்கு எழுதியது மில் வாசல் நாயை. மறுநாள் அது வாயைத் திறந்து திறந்து மூடியது. நாய்தானே என்று விட்டார்கள். அடுத்து ஒருத்தி, ஷிஃப்டுக்கு ஊதும் மில் சங்கை எழுதிவிட்டாள். மறுநாள்முதல் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் வாட்ச்மேன் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓடினார். பஞ்சு குடோனில் தீப்பிடித்தால் ஊரைக் கூப்பிட வழியில்லாததால், பெண்கள் துணி காயப்போடும்போதும் புகை தெரிகிறதா என்று ஒரு கண் வைத்திருந்தார்கள். எழுதிய தாள்களை டீச்சர் கேன்டீன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அலமாரி உறுமத் தொடங்கியது.

புது மெஷின்களை ஓட்ட ஆங்கிலம் தெரிய வேண்டும் என்று மேலிடம் வைத்த பரீட்சையில் அந்தச் சொல்லே வந்தது, வாக்கியத்தில் அமைக்கச் சொல்லி. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அதை மட்டும் விட்டார்கள். பிரசவ லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்த, நூல் சுற்றும் ரீலிங்காரிக்கு ஒன்றும் தெரியாது.

"என்னக்கா, இவ்ளோ சுலபமான கேள்விய விட்டுட்டீங்க? நான் எங்க பாப்பாவ எழுதிட்டேன். அவ அழுதா மூணு தெருவுக்குக் கேக்குமே."

யாரும் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் டீச்சரிடம் ஓடினாள்.

"நான் எழுதினத அடிச்சிடுங்க டீச்சர்."

டீச்சர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தார். அந்த வாக்கியத்தை அடித்தால் அவள் தேறமாட்டாள். தேறாதவர்களுக்கு வேலை இல்லை. வேறு எதை எழுதலாம் என்று யோசித்தார். சத்தமுள்ள ஒவ்வொன்றும் யாருக்கோ வேண்டியதாக இருந்தது. கண்ணை மூடிக் கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பாப்பாவை அடித்து அந்த இடத்தில் 'டீச்சர்' என்று எழுதினார்.

"போம்மா, பாப்பாவுக்குப் பசிக்கும்," என்றார். அவர் வாயிலிருந்து கடைசியாக வந்த பேச்சு அதுதான். திருத்திய தாளையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை பாப்பா அழுதது மூன்று தெருவுக்குக் கேட்டது. ரீலிங்காரி தேறினாள். டீச்சர் வழக்கம்போல வந்து போர்டில் எழுதினார். அலமாரிக்குள்ளிருந்து அவர் குரல் அதை வாசித்தது.

பாப்பாவுக்கு இப்போது ஐந்து வயது. வகுப்பு நேரத்தில் அலமாரிக் கதவை ஒரு விரலளவு திறந்து பிடித்துக்கொள்வது அவள் பொறுப்பு. இரண்டு விரலளவு திறந்தால் நாய் குரைக்கும். தீப்பிடித்தால் மட்டும் முழுக்கத் திறந்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.