நோன்பில் வந்த வேன்

என் வீட்டுக்காரர் இஹ்ஸானுக்கு எதிலும் பாதிதான் தெரியும். மீதியை ஆசையால் நிரப்பிக்கொள்வார். கட்டாரில் இருந்து வந்த கையோடு, கல்முனைக் கடற்கரைக்குப் போகிற எங்கள் வீதியில், வீட்டோடு ஒட்டி இரண்டு அறைகளைக் கட்டினார். உல்லாசப் பயணிகள் வருவார்களாம். வந்தார்கள்தான், மட்டக்களப்பில் இருந்து அறுகம்பைக்குப் போகிற பெரிய பஸ்களில். எங்கள் சந்தியில் வேகத்தைக் குறைத்ததோடு சரி. அறைகளில் படுத்தெழும்பியது எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான். நோன்புப் பெருநாளுக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் திரும்பவும் கட்டாருக்கே போவது என்று முடிவாகி, பயணப்பெட்டியும் அலுமாரிக்கு மேலிருந்து இறங்கிவிட்டது. அதைத் தாண்டிப் போகிற நேரமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசி நம்பிக்கை உசாந்தினி. கொழும்பில் ஒரு பயண நிறுவனத்தில், வெளிநாட்டுக்காரர் எந்த ஊரில் இறங்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை அவளுக்கு. பஸ்ஸை மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்த ஓர் ஊர் தேடினாள். எப்போது வரலாம் என்று போனில் கேட்டதும் என் மனுசன் யோசிக்கவே இல்லை. நோன்பு மாசத்தில் வாருங்கள், அப்போதுதான் எங்கள் ஊர் வடிவு என்றுவிட்டார்.

வடிவுதான், ஆனால் பொழுதுபட்ட பிறகு. பகலில் ஒரு தேத்தண்ணிக் கடைகூடத் திறந்திருக்காது என்பதை மனுசன் மறந்தே போனார்.

உச்சி வெயிலில் உசாந்தினியின் வேன் வந்து நின்றது. இஹ்ஸான் அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், இது புரியாணிக்குப் பேர்போன கடை, இது கொத்துரொட்டிக் கடை என்று பூட்டுகளைக் காட்டியிருக்கிறார். கடற்கரையிலும் ஈ காக்கை இல்லை. திரும்பி வந்தவளின் முகத்திலேயே பதில் இருந்தது. சமைத்துத் தருகிறேன் என்றேன். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போய்விட்டாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்குத் தொழப் போனார்.

கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தால், அந்தப் பிள்ளை வேனுக்குள் குனிந்து, லேஞ்சித் துணியால் வாயை மறைத்தபடி பிஸ்கட் கடிக்கிறாள், களவெடுத்தவள் போல. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தவர்கள் ஒளித்துச் சாப்பிடுகிற வீடா இது? போய் வேன் கதவைத் திறந்தேன்.

“இறங்குங்க தங்கச்சி. நோன்பு எங்களுக்குத்தான், உங்களுக்கில்ல. உள்ளுக்கு வாங்க.”

அவளுக்கும் சாரதிக்கும் சோறும் மீன் குழம்பும் ஆக்கி வைத்தேன். நோன்போடு உப்புப் பார்க்கவில்லை, கூடக்குறைய இருந்தால் சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் சிரித்தாள். சாப்பிட்டுக்கொண்டே மனம்விட்டுக் கதைத்தாள். இந்த நாட்டை விளம்பரப்படுத்துகிறவர்கள் எல்லாரும் அதே நாலு இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களாம். அவர்களுடைய வரைபடத்தில் மட்டக்களப்புக்கும் அறுகம்பைக்கும் நடுவில் வெறும் றோட்டுத்தானாம். அதை மாற்றத்தான் ஒபிசில் சண்டை பிடிக்கிறாளாம்.

“ஆனா அக்கா, பூட்டிக் கிடக்கிற ஊரை எப்பிடிக் காட்டுறது?”

பொழுதுபட்டு மஹ்ரிப் பாங்கு சொல்லும்வரை இருந்து பார்க்கச் சொன்னேன். அரை மனதோடு இருந்தாள்.

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். எங்கள் வாளியை அவளே தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. சமோசா பொரிகிற வாசம் வீதியை நிறைத்தது. பாங்கு கேட்டதும் எங்களோடு உட்கார்ந்து பேரீச்சம்பழம் கடித்தாள். தொழுதுவிட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். பாய் விரித்த குடும்பங்களும் வண்டில்காரரும் ஓடித் திரிகிற பிள்ளைகளுமாக, கால் வைக்க இடமில்லை.

நோன்பில் மட்டும்தானா இப்படி என்று கேட்டாள். நோன்பில் கொஞ்சம் கூட, ஆனால் எந்த நாளும் பொழுதுபட்டால் சனம் இங்கேதான், வெயிலில் யார் வெளிக்கிடுவது என்றேன்.

கடலையும் சனத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நான்தான் பிழையான நேரத்தைக் கேட்டிருக்கன். இஞ்ச பஸ் பின்னேரம்தான் வரணும்.”

“பின்னேரம் வந்தா ராவைக்கு எங்க தங்குவாங்க?” என்று கேட்டார் என் மனுசன், முழுக் கவலையோடு. நான் முழங்கையால் இடித்தேன்.

“உங்கட அறையிலதான்,” என்றாள் அவள்.

பெரிதாக வாக்கு ஒன்றும் தரவில்லை. பெருநாள் கழித்து ஒரு சின்ன வேன், ஒரு பயணம், பார்ப்போம் என்றாள். சரிவராமலும் போகலாம், எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பயணப்பெட்டியைத் திறந்து, விருந்தாளிகளுக்கு வாங்கிய விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அடுக்கி, அறைக்குள் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி எனக்கு வேணுமே என்று சொல்வார் என்று பயந்தேன்.

“இன்னும் ரெண்டு தலகணி வேணும் போல,” என்றார்.