படத்தில் இல்லாத கதவு

"வாத்த முதல்ல வெளிய ஓட்டுங்கம்மா! இது விருந்தாளிங்க வர்ற இடம்!"

"என் மாமனார் காலத்துலேருந்து இந்த முற்றத்து வழியாத்தான் ஆத்துக்குப் போறோம். நீங்க நேத்து வந்தவரு."

"நேத்தா? ஆறு வருஷம் ஆச்சு!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

கத்தியவர் செவெரின். வார்சாவில் இருந்த வீட்டை விற்று, நரேவ் ஆற்றங்கரையில் இடிந்து கிடந்த பழைய பிரபு மாளிகையை வாங்கியவர். பதில் சொன்னவள் பெலாகியா, தெருக்கோடி விதவை, பதினேழு வாத்துகளுக்குச் சொந்தக்காரி. நான் வேலியோரம் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தேன். பாத்தியில் முள்ளங்கி தீர்ந்து வெகு நேரமாகியிருந்தது.

மாளிகையை இழைத்து இழைத்துத்தான் புதுப்பித்திருந்தார், பொய் சொல்லக் கூடாது. குதிரை லாயம் விருந்தினர் அறைகளாயிற்று, தானியக் களஞ்சியம் கல்யாண மண்டபமாயிற்று. ஜூன் கடைசியில் முதல் கல்யாணம். மணப்பெண் வாத்து எச்சத்தில் வழுக்கி விழுந்தால் ஆறு வருட உழைப்பும் அவளோடு விழும் என்பது அவர் கணக்கு.

மறுநாளே தச்சர் கயெதானைக் கூப்பிட்டு, லாயத்துக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே ஆள் உயர ஓக் மரக் கதவு போட்டுப் பூட்டினார். பெலாகியா ஊரைச் சுற்றி வாத்து ஓட்டினாள். போகிற வழியெல்லாம் அவரைத் திட்டினாள், நிறுத்தி நிதானமாக.

பிறகு பழங்கட்டடத் துறை அம்மாள் கடைசிச் சோதனைக்கு வந்தார். அவர் கையெழுத்துப் போடாமல் மண்டபம் திறக்க முடியாது. முன்பொரு தடவை, தூண் வைத்த முகப்பு பழைய மாளிகையில் இருந்ததற்கு அவர் ஆதாரம் கேட்டபோது, செவெரின்தான் பரணைக் குடைந்து 1911ஆம் வருடத்துப் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். படத்தில் உள்ளபடியே எல்லாம் இருக்கும் என்று எழுதியும் கொடுத்திருந்தார்.

"கதவு எங்க இருக்கு?" என்றார் அந்த அம்மாள்.

"இதோ, மேடம்."

"படத்துல கேட்டேன்."

படத்தில் அந்த இடம் வெட்டவெளி. நடுவில் மங்கலாக ஆறேழு வாத்துகள்.

"படத்தத் தேடிக் குடுத்ததே நான்தான் மேடம்!"

"அதுக்குத்தான் நன்றிக் கடிதம் போட்டோமே. கதவ எடுத்துடுங்க."

"அப்ப வாத்தும் வளக்கணுமா?"

"அது உங்க இஷ்டம்."

கதவு போயிற்று, கையெழுத்தும் வந்தது. ஆனால் மணப்பெண்ணின் அம்மா மண்டபம் பார்க்க வந்தது, வாத்துகள் ஆற்றிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துத்தான். கல்யாணம் வேறு ஊருக்குப் போய்விட்டது. செவெரின் முகப்பின் படியில் உட்கார்ந்து, புதுத் தூணை ஓங்கி உதைத்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலாக ஒரு பிடி முள்ளங்கி கொடுத்தேன். வாங்கவில்லை.

கழற்றிய கதவைத் தன் வீடு வரை சுமக்க முடியாது என்று கயெதான் அதைப் பெலாகியாவின் முற்றத்தில் இறக்கி வைத்தார். அப்புறம் கதவு நலமா என்று தினமும் பார்க்கப் போனார், சவரம் செய்துகொண்டு. செப்டம்பரில் இருவருக்கும் கல்யாணம். அந்த மண்டபத்தில் நடந்த ஒரே கல்யாணம் அதுதான். விருந்துக்கு நான்கு வாத்து.

மார்ச்சில் செவெரின் வார்சாவுக்கே திரும்பிவிட்டார், வாடகை வீட்டுக்கு. ஓக் கதவு இப்போது பெலாகியாவின் வாத்துப் பட்டிக்கு. உள்ளே பதின்மூன்று. காலையில் பூட்டைத் திறந்துவிட்டால் நேரே மாளிகை முற்றம்தான்.