மூன்று வரித் திருத்தம்

ரத்ரி 'தெபாஸ்' என்ற கணினிக் கட்டளையை எழுதியபோது யோக்யகர்த்தா அலுவலகத்தில் நான் அவளுக்கு அடுத்த மேசை. ஒரு வரி தட்டினால் போதும். எத்தனை அடுக்கு உள்ளே இருந்தாலும் ஒரு கோப்புறையைக் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். இணையத்தில் இலவசமாகப் போட்டாள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் பயன்படுத்தினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாரேபாரே துறைமுகத்திலிருந்து லாதிஃப் என்பவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பழைய கோப்புறை ஒன்றை தெபாஸால் அழித்திருக்கிறார். அதற்குள் இன்னொரு வட்டுக்குப் போகும் குறுக்குவழி இருந்திருக்கிறது. குறுக்குவழியை மட்டும் நீக்கியிருக்க வேண்டிய கட்டளை, அதன் வழியே போய் அந்தப் பக்கம் இருந்ததையும் துடைத்துவிட்டது. அங்கே இருந்தது அவருடைய மனைவி ஹஸ்னாவின் குரல் பதிவுகள். ஊர் வானொலியில் காலைதோறும் படகுக்காரர்களுக்குக் கடல் நிலவரம் வாசித்தவர். இறந்து இரண்டு வருடம்.

இலவசமாகக் கொடுத்ததற்கு நாம் பொறுப்பில்லை, இரண்டு வரி வருத்தம் எழுதி அனுப்பு என்றேன்.

"ஆறு மாசம் முன்னாடியே ஒருத்தர் இந்தக் கோளாறைச் சொன்னார், மாஸ். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள். எங்கள் ஊரில் மாஸ் என்றால் அண்ணன்.

லாதிஃபைத் தொலைபேசியில் அழைத்தாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். மீட்க வழியுண்டா என்று விசாரித்தாள். கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர்கள் மூன்று நாள் பார்த்துவிட்டார்களாம். அந்த இடத்தில் வேறு கோப்புகள் பதிந்துவிட்டன. பிறகு, தனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்லிவிட்டாள்.

லாதிஃப் நிதானமாகத்தான் பேசினார்.

"அழிக்கச் சொன்னது என் கைதாம்மா. அதுக்கு உங்களைக் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா தெரிஞ்சிருந்ததுன்னு சொல்றீங்களே, அதை என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"மன்னிச்சிருங்க, பாக்" என்றாள். பெரியவர்களை ஐயா என்பதுபோல் அழைக்கும் சொல் அது.

"முதல்ல சொன்னாரே ஒருத்தர், அவருக்கு என்ன போச்சு?"

"நான் கேக்கவே இல்ல, பாக்."

அவர் சரி என்று வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் ரத்ரி கோளாறைச் சரிசெய்தாள். மூன்றே வரி. புதிய பதிப்பு வெளியானதும் எங்கெங்கிருந்தோ நன்றிகள் வந்தன. எதையும் அவள் திறக்கவில்லை. பாரேபாரே வானொலி நிலையத்துக்கு எழுதி, பழைய ஒலிப்பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. நேரலையாகப் போகும் நிகழ்ச்சி என்பதால் எதையும் சேமிப்பதில்லையாம். எழுதியிருந்தவள், இப்போது கடல் நிலவரம் வாசிக்கும் பெண்.

அந்தப் பதிலை லாதிஃபுக்கு அனுப்பலாமா என்று ரத்ரி என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் அனுப்பவில்லை.