யோகாவின் பெயரில் ஆறு தட்டுகள்

சனிக்கிழமைப் பயிற்சி முடிந்து எல்லோரும் பிஸ்டல்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகு, மோனிகா வெள்ளை ஸ்பிரே டப்பாவோடு தட்டுகளிடம் போனாள். மெல்பேர்னின் தென்கிழக்கு விளிம்பில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்குள் இருந்தது அந்தப் பிஸ்டல் கிளப். அங்கே இரும்பு இலக்குகளைப் பராமரிப்பது அவள் பொறுப்பு. குண்டு பட்டதும் ‘டிங்’ என்று பின்னால் சாய்ந்துவிடும் வட்டத் தட்டுகள். கயிற்றை இழுத்தால் மறுபடி எழுந்து வரிசையாக நிற்கும். சுட்ட தடத்தைத் துடைத்து, போல்ட்டை இறுக்கி, வெள்ளையடித்து வைத்தால் அடுத்த ஆளுக்குத் தயார்.

புதுத் தட்டுகள் அந்த வாரம்தான் வந்திருந்தன. டாண்டினோங்கில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் நித்தியானந்தன் தன் கையால் செய்து கொடுத்தவை. தாங்கு சட்டத்தின் முன்பக்கம் ‘யோகா’ என்று இரும்பு எழுத்துகளை வெட்டி ஒட்டியிருந்தார். யோகா அவர் மனைவி. மோனிகாவை இந்தக் கிளப்புக்கு முதன்முதலாக அழைத்து வந்தவள், பல வருடங்களாக அவளுக்குப் பக்கத்தில் நின்று சுட்டவள், போன குளிர்காலத்தில் புற்றுநோயில் போய்விட்டாள். மறுநாள் அவள் நினைவாக ஒரு போட்டி.

முதல் தட்டைத் துணியால் துடைத்தபோது மோனிகாவின் விரல் நடுவில் இறங்கியது. சப்பாத்தி மாவில் கட்டைவிரலை வைத்து அமுக்கியதுபோல ஒரு குழி. அடுத்ததிலும் இருந்தது. ஆறிலும் இருந்தது.

நன்றாக இறுகிய இரும்பில் குண்டு நசுங்கித் தூளாகி, தட்டின் முகத்தோடு வழுக்கிப் பக்கவாட்டில் சிதறிவிடும். குழி இருந்தால் அந்தத் தூள் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. சுட்டவனையே தேடி வரலாம். மத்தியானம் முழங்காலுக்குக் கீழே ஏதோ சுருக்கென்று பட்டதைச் சரளைக்கல் என்று விட்டிருந்தாள். இப்போது பேண்டைத் தூக்கிப் பார்த்தாள். சின்னதாக ஒரு கீறல், அதைச் சுற்றிக் காய்ந்த ரத்தம்.

கிளப் கேப்டன் கிரேக் குழிகளைப் பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

“நாளைக்கு ஒருநாள் இன்னும் பின்னால் தள்ளி நின்று சுட்டால் என்ன? அந்த மனிதரிடம் இதைப் போய் யார் சொல்வது?”

“நான் சொல்றேன்,” என்றாள் மோனிகா. ஆனால் காரில் ஏறி உட்கார்ந்ததும், சொன்னபோது இருந்த வேகம் எங்கோ போய்விட்டது.

மல்கிரேவில் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கழுவிய குக்கரைத் திரும்பக் கழுவினாள். நித்தியானந்தனுக்குப் போன் போட்டாள், மணி அடித்தே நின்றது. மெசேஜ் எழுதினாள், அழித்தாள். ‘உங்கள் மனைவி பெயரில் நீங்கள் கொடுத்தது ஆபத்தானது’ என்பதை எந்த வார்த்தையில் வைத்தாலும் அது அறைவதுபோலத்தான் இருந்தது.

“நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடேன். நீ நடக்கிறதைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது,” என்றான் கணவன் பார்த்தசாரதி.

போனாள். நித்தியானந்தன் குசினியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றார். மேசை முழுக்க மட்டன் ரோல்ஸ், நாளைக்கு வருகிறவர்களுக்கு.

“வாரும், வாரும். போன் எங்கை கிடக்கெண்டே தெரியேல்லை. இதில ஒண்டைச் சாப்பிட்டுப் பாரும், உறைப்புக் காணுமோ?”

கடித்தாள். “நல்லா இருக்குண்ணா.”

“நான் ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை, தெரியும்தானே. ஊரில சண்டைக்குள்ள கேட்ட துவக்குச் சத்தமே எனக்குக் காணும் எண்டு சொல்லிப்போட்டன். அவ கேட்டுக் கேட்டுப் பாத்தவ.” ரோல்ஸைத் திருப்பிப் போட்டார். “நாளைக்கு வாறன். அந்தத் தட்டு விழுறதை ஒருக்காப் பாக்கவேணும்.”

மோனிகா வாயைத் திறந்தாள். “அண்ணா, நாளைக்கு நான் கொஞ்சம் சீக்கிரமே போயிடுவேன்,” என்றுதான் வந்தது. காருக்குத் திரும்பி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அடித்தாள்.

ஞாயிறு காலை முதல் ஆளாகக் குவாரிக்குப் போனவள், சட்டத்தின் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினாள். வாசலுக்கு நடந்தாள், தார்ப்பாய்க்கு வந்தாள், திரும்ப வாசலுக்குப் போனாள். யாருடைய வண்டி மண்பாதையில் இறங்கினாலும் எட்டிப் பார்த்தாள். கடைசியில் பின்பக்கம் திறந்த சுமை வண்டி, நித்தியானந்தனின் வெள்ளை யூட், வந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கியவர் நேரே சட்டத்தைப் பார்த்தார்.

“ஏன் மூடிக் கிடக்கு? திறப்பு விழாவோ?” என்று சிரித்தார்.

“இல்லண்ணா. அதுல சுட முடியாது. தட்டுல குழி விழுந்திருக்கு. ஆறுலயும்.”

சிரிப்பு நின்றது. “குழியோ? அது என்ன இரும்பெண்டு தெரியுமோ உமக்கு? சுரங்கத்து லொறியளுக்குப் போடுறது. நானே போய்ப் பாத்து எடுத்தனான்.”

“நல்ல இரும்புதாண்ணா, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நேத்து ஒரு துண்டு திரும்பி வந்து என் கால்ல பட்டுது.”

“நேற்றோ?” அவர் குரல் தணிந்தது. அதுதான் அவளைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. “நேற்றுப் பின்னேரம் என்ரை வீட்டை வந்தனீர். ரோல்ஸ் சாப்பிட்டனீர். அப்ப ஏன் சொல்லேல்லை?”

“சொல்லத்தாண்ணா வந்தேன். வாய் வரல.”

அவர் தார்ப்பாயை உருவி எறிந்தார். குனிந்து தட்டுகளைத் தடவினார். பட்டறையில் வேலை பார்க்கும் ஆளின் கை அது. ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் நின்று நகர்ந்தது.

“ஓரத்தில ஒரு குண்டும் படேல்லையோ?”

“பட்டிருக்கு. இங்க பாருங்க, இங்கயும். அங்கெல்லாம் ஈயத் தடம் மட்டும்தான்.”

அவர் அந்த இடங்களையும் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு தட்டைக் கழற்றித் திருப்பினார். நடுவில், தட்டு ஆடாமல் இருக்க, ஒரு முட்டுக் கம்பியை வெல்ட் செய்து வைத்திருந்தார். மீன் செதில்போல அடுக்கடுக்காக, பார்க்கவே அழகான வெல்டிங். யூட்டுக்குப் போய் ஒரு அரத்தை எடுத்து வந்தார். தட்டின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தார், கீச்சென்று வழுக்கியது. நடுவில் வைத்தார்; அரம் பிடித்தது. மினுங்கும் தூள் அவர் காலணியின் மேல் விழுந்தது.

“இரும்பில பிழையில்லை. பின்னால சூட்டைக் காட்டி நான்தான் இளக்கிப்போட்டன்.” அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். “எந்த வெல்டருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. எனக்கு அண்டைக்கு மூளை வேலை செய்யேல்லை. நல்லாச் செய்யவேணும், நல்லாச் செய்யவேணும் எண்டு அதே யோசினை.”

மோனிகா ஏதோ சொல்லப் போனாள். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, யூட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். கிரேக்கும் அவளும் கிளப் சாமான்கள் வைக்கும் கொள்கலத்திலிருந்து பழைய தட்டுகளை இழுத்து வந்து நிறுத்தினார்கள். மோனிகா ஒரு போல்ட்டை இறுக்குவாள், யூட்டைத் திரும்பிப் பார்ப்பாள். கிளம்பிப் போய்விடுவாரோ? போனால் பின்னாலேயே ஓடுவதா, விடுவதா? எஞ்சின் ஒருமுறை உறுமியது. கையிலிருந்த ஸ்பானர் நழுவி அவள் விரலை நசுக்கியது.

எஞ்சின் அணைந்தது. நித்தியானந்தன் ரோல்ஸ் தட்டத்தோடு இறங்கி வந்து அதை மேசையில் வைத்தார்.

“முதல்ல எல்லாரையும் கையைக் கழுவச் சொல்லும். ஈயக் கையோட ஒருத்தரும் தொடக்கூடாது. அவ வீட்டிலையும் அப்பிடித்தான் பேசுவா.” பிறகு கேட்டார்: “கயிறு ஆர் இழுக்கிறது?”

“நீங்க இழுக்கிறீங்களாண்ணா?”

“ஓம்.”

காது மூடியும் கண்ணாடியும் மாட்டிவிட்டு, சுடுகிறவருக்குப் பின்னால் அவர் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினாள். முதல் வெடிக்கே அவர் உடம்பு சுருங்கித் தரையை நோக்கிப் போனது. கிரேக் ஓடி வந்தார். நித்தியானந்தன் தலையை ஆட்டினார், எழுந்தார். இரண்டாவது வெடிக்குக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தட்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்ததும் இழுத்தார். கொஞ்சம் வேகமாகவே இழுத்துவிட்டார், ஒன்று எழுந்து திரும்பவும் விழுந்தது.

மோனிகாவின் முறை வந்தது. முதல் இரண்டு குண்டும் மண்மேட்டில் போய் விழுந்தன. மூச்சை வெளியே விட்டு, நசுங்கிய விரலை மறக்கப் பார்த்து, மிச்சத்தைச் சுட்டாள். ஆறும் விழுந்தபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. “அவவும் இப்பிடித்தான் முதல்ல பிழைவிடுவாவோ?”

“எப்பவுமேண்ணா. அப்புறம் என்னைத் திட்டுவாங்க.”

அவர் சிரித்தாரா அழுதாரா என்று கண்ணாடிக்குள் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பல வாரம் நித்தியானந்தன் கிளப் பக்கம் வரவே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மோனிகா வெள்ளையடித்துக்கொண்டே மண்பாதையைப் பார்த்தாள். தானே அவரைத் துரத்திவிட்டோமோ என்ற எண்ணம் அலுவலகத்திலும் அவளை உட்கார விடவில்லை. பிறகு ஒருநாள் யூட் வந்தது. புதுத் தட்டுகள், அதே இரும்பு. முதுகில் ஒரு பொட்டு வெல்டிங் இல்லை. கீழ் விளிம்பில் மட்டும் போல்ட். சுட்டுப் பார்த்துத் துடைத்தாள். முகம் அப்படியே சமமாக இருந்தது.

நித்தியானந்தன் பிஸ்டலைத் தொட இன்றுவரை சம்மதிக்கவில்லை. ஆனால் தவறாமல் வருகிறார். கீல் துருப்பிடித்திருக்கிறது, குண்டுத் தூள் கீழே தெறிக்கும்படி தட்டு முன்பக்கம் சரிந்து நிற்கவில்லை, வெள்ளை தடித்துப்போயிற்று என்று கிரேக்கோடு சண்டை போடுகிறார். போன வாரம் பழைய தட்டுகளில் பாதியைக் குப்பை என்று தூக்கி யூட்டில் போட்டுவிட்டார். கிரேக் மோனிகாவைப் பார்த்து, “இவரை நீதானே கூட்டி வந்தாய்?” என்று முறைத்தார்.