வார்னிஷ் அடித்த துப்பாக்கி

செத்தவர்கள் வீட்டில் பழைய ராணுவத் துப்பாக்கிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சனிக்கிழமைச் சந்தையில் விலை கூட்டி விற்பதுதான் வெர்லினின் பிழைப்பு. இந்த வியாபாரத்தில் அழுக்குக்குத்தான் காசு. துப்பாக்கியின் மரக்கட்டையில் எண்ணெய்க்கறையும் பட்டாளத்து முத்திரையும் அப்படியே ஒரிஜினலாக இருக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கினால் போச்சு.

அன்று பக்கத்து மாநிலமான இண்டியானாவிலிருந்து வாங்க வந்த ஒருவர், மேசை ஓரத்தில் விலைச்சீட்டு இல்லாமல் மின்னிய ஒன்றைத் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“முதல் உலகப்போர் சாமானுய்யா இது! எந்த மடையன் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சான்? முத்திரையே காணோம்.”

“என் பையன். என் பிறந்தநாளுக்குப் பரிசாம்.”

“நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பானே!”

“ஆமா, திட்டித் தீர்த்துட்டேன்,” என்றார் வெர்லின். அந்த வாரமே பனியில் பையனின் கார் சறுக்கியதை அவர் சொல்லவில்லை. சவப்பெட்டி இறங்கியபோதும் அவருக்கு அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை. ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்தார்.

“வார்னிஷ் காயுறதுக்குள்ள தொட்டிருக்கான் பாருங்க, பெருவிரல் ரேகை அப்படியே பதிஞ்சிருக்கு. பாதி விலைக்குக் குடுங்க, நான் சுரண்டி எடுத்துக்கிறேன்.”

வெர்லின் துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். விலை சொல்லும் அதே குரலில் சொன்னார்:

“இதுல அது ஒண்ணுதாங்க ஒரிஜினல்.”